ஏஜென்சி வேலைக்குக் கடிதம் யார் தருவார்?

கனடாவில் ஏஜென்சி வழியாக வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் போடுவது ஒரு கம்பெனி, வேலை வாங்குவது இன்னொரு கம்பெனி. நிரந்தரவாசத்துக்கான பிஆர் விண்ணப்பம் போட உட்காரும் நாள் வரை இதனால் ஒரு தொல்லையும் இருக்காது. அன்றைக்குத்தான் சிக்கல் தெரியும். சம்பளம் போட்டவருக்கு நீங்கள் அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று சரியாகத் தெரியாது. வேலை வாங்கியவரின் ஊழியர் பட்டியலில் உங்கள் பெயரே இருக்காது. குடிவரவுத் துறையான ஐஆர்சிசி கேட்கும் கடிதத்திலோ இரண்டு விவரமும் இருந்தாக வேண்டும்.

ஏஜென்சி வேலை கணக்கில் சேராது என்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேச்சு ஓயாமல் உலவுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. சம்பளத்துக்குச் செய்த வேலையாக இருக்க வேண்டும், கனடாவில் செய்ததென்றால் வேலை அனுமதியோடு செய்திருக்க வேண்டும், கனடாவின் தொழில் வகைப்பாடான என்ஓசியில் டீர் 0, 1, 2, 3 என்ற நான்கு படிகளில் ஒன்றில் வர வேண்டும். யார் வழியாகக் கிடைத்த வேலை என்பது தகுதியைத் தீர்மானிப்பதில்லை. நிரூபிப்பதைத்தான் அது கடினமாக்குகிறது. கீழே சொல்வதெல்லாம் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் இரண்டு பிரிவுகளை மனத்தில் வைத்து: கனடாவுக்குள் வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவு, வெளிநாட்டு அனுபவத்தையும் ஏற்கும் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவு.

செய்ய வேண்டியவை

முதலில் என்ஓசி எண்ணைப் பாருங்கள். கடிதத்துக்கு அலைவது பிறகு. 2022 நவம்பர் 16 முதல் ஐந்து இலக்க எண்கள்தான் நடப்பில் உள்ளன. ஏஜென்சிகள் ஆள் அனுப்பும் வேலைகளில் வேர்ஹவுஸும் பேக்கிங்கும் நிறைய. சரக்கு ஏற்றி இறக்குவது 75101, அது டீர் 5. ஷிப்பர், ரிசீவர் என்றால் 14400, அது டீர் 4. இந்த இரண்டிலும் ஐந்து வருடம் உழைத்துக் கட்டுக்கட்டாகக் கடிதம் வாங்கி வந்தாலும் இந்தப் பிரிவுகளில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. அதே வேர்ஹவுஸில் ஷிஃப்டைப் பிரித்துக் கொடுத்து ஆட்களை மேற்பார்த்தவர் 12013-இல் வரக்கூடும். அது டீர் 2. வெல்டர் 72106, டீர் 2. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஏஜென்சி அனுப்பும் நர்ஸ் உதவியாளர் 33102, டீர் 3.

உண்மையான இழுபறி அலுவலக வேலைகளில்தான். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே தங்களை ‘அக்கவுன்ட்ஸ்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பில்களைச் சரிபார்த்து, குறியீடு போட்டு, கணினியில் ஏற்றுவது மட்டும் என்றால் 14200, அது டீர் 4. கணக்கேடுகளை முழுவதுமாகப் பராமரித்து, ஜர்னல் பதிந்து, டிரையல் பேலன்ஸ் எடுத்து, மாத முடிவில் அறிக்கை தயாரித்தால் 12200, அது டீர் 2. மேசை, நாற்காலி, பதவிப் பெயர் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம். அதிகாரி பதவிப் பெயரை வைத்து முடிவெடுப்பதில்லை. அந்த எண்ணுக்குரிய முகப்பு விளக்கத்தில் சொன்ன வேலையை நீங்கள் செய்தீர்களா, முக்கியக் கடமைகளில் கணிசமானவற்றைச் செய்தீர்களா என்று கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆகவே எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கை அட்டவணையாகப் போடுங்கள். கனடிய அனுபவப் பிரிவுக்குத் தேவை, விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் 1,560 மணி நேரம். அதாவது வாரம் 30 மணி வீதம் ஓராண்டு. வாரத்துக்கு 30-க்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் மேலே உள்ளது சேராது. ஏஜென்சிக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. ஒருவர் முதல் இடத்தில் 22 வாரம், வாரம் 37.5 மணி வேலை பார்க்கிறார். ஐந்து வாரம் சும்மா இருக்கிறார். அடுத்த இடத்தில் 20 வாரம், 40 மணி. மூன்றாவது இடத்தில் 14 வாரம், 24 மணி. பே ஸ்டப்பைக் கூட்டினால் 1,961 மணி வருகிறது. மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார். துறை கூட்டும் கணக்கோ 660, 600, 336; மொத்தம் 1,596. தேறிவிட்டார், ஆனால் மயிரிழையில். இரண்டாவது இடத்தில் செய்தது வெறும் டேட்டா என்ட்ரி, டீர் 4 என்று அதிகாரி முடிவு செய்தால் மிஞ்சுவது 996.

இடையில் விட்ட ஐந்து வாரம் கனடிய அனுபவப் பிரிவில் குற்றமில்லை. அனுபவம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அங்கே கேட்பதில்லை. ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் கேட்கிறார்கள். கடந்த 10 ஆண்டுகளுக்குள், ஒரே தொழிலில், இடைவெளி இல்லாத ஓராண்டு வேண்டும். மூன்று மாதம் ஓரிடம், ஒரு மாதம் வீடு, நான்கு மாதம் வேறிடம் என்று ஓடியவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. எந்தப் பிரிவில் போடுவது என்பதை இந்த அட்டவணைதான் தீர்மானிக்க வேண்டும். நண்பர் எதில் போட்டார் என்பதைப் பார்த்துப் போடாதீர்கள்.

வேலைக்கு அனுப்பும்போது ஏஜென்சி தரும் தாளை எடுத்து வையுங்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் வேலைத்தரச் சட்டப்படி, ஒவ்வோர் இடத்துக்கு அனுப்பும்போதும் அந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், தொடர்பு விவரம், சம்பள விகிதம், வேலை நேரம், வேலையைப் பற்றிய பொதுவான விவரம் எல்லாவற்றையும் ஏஜென்சி எழுத்தில் தர வேண்டும். பலருக்கு இது ஈமெயிலில் வந்து, ‘நாளைக்கு காலை 7 மணி, சேஃப்டி ஷூ போட்டு வரவும்’ என்ற வரியோடு மறந்துபோகும். இரண்டு வருடம் கழித்து, உங்களையும் ஏஜென்சியையும் வாடிக்கையாளரையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் ஆவணம் இது ஒன்றாகத்தான் இருக்கும். வாய்மொழியாக மட்டும் சொல்லி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். கூடவே இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் தற்காலிக ஏஜென்சி நடத்த அரசு உரிமம் வேண்டும். உங்கள் ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று மாகாண அரசின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். உரிமம் இல்லாத ஏஜென்சியிடம் நாளைக்கு லெட்டர்ஹெட்டும் இருக்காது.

இரண்டு கடிதம் வாங்குங்கள். முதன்மையானது ஏஜென்சியின் கடிதம், ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அவர்தான் உங்கள் முதலாளி. ஐஆர்சிசி கேட்பவை: லெட்டர்ஹெட், நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி, ஈமெயில், உங்கள் பெயர், மேற்பார்வையாளர் அல்லது எச்.ஆர். அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. வகித்த ஒவ்வொரு பதவிக்கும் பெயர், கடமைகள், தொடங்கிய, முடிந்த தேதிகள், வார மணி நேரம், ஆண்டுச் சம்பளம், பிற சலுகைகள். இப்போதும் அதே வேலையில் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

ஏஜென்சிகள் கேட்டவுடன் அடித்துத் தரும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இவர் எங்கள் வழியாகப் பல வாடிக்கையாளர்களிடம் தேவைக்கேற்பப் பணிபுரிந்தார். நேரம் தவறாதவர். அவருடைய முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறோம்.’ வாழ்த்து இருக்கிறது. தேதி இல்லை, மணி இல்லை, சம்பளம் இல்லை. ‘பல வாடிக்கையாளர்’, ‘தேவைக்கேற்ப’ என்ற இரண்டும் போதும், அதிகாரி உங்கள் கோப்பை ஓரமாக வைக்க. உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி வரி: ‘2023 மார்ச் 6 முதல் ஆகஸ்ட் 4 வரை, எங்கள் ஊழியராக, மிசிசாகாவில் உள்ள இன்ன நிறுவனத்தில் புக்கீப்பராக, வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு இத்தனை டாலர் ஊதியத்தில் பணிபுரிந்தார்.’ ஒவ்வோர் இடத்துக்கும் இப்படி ஒரு பத்தி. கீழே அங்கே செய்த கடமைகள்.

கடமைகளைப் பொறுத்தவரை ஏஜென்சி கையை விரிக்கும். அந்த விவரம் அவர்களிடம் இருப்பதில்லை என்பது உண்மையே. இங்கேதான் இரண்டாவது கடிதம் வருகிறது. உங்களுக்கு அன்றாடம் வேலை சொன்ன வாடிக்கையாளர் நிறுவனத்தின் சூப்பர்வைசர், ‘இவர் இன்ன ஏஜென்சி வழியாக என் கீழ் இந்தத் தேதிகளில் வேலை பார்த்தார், செய்த வேலைகள் இவை’ என்று எழுதித் தரட்டும். சம்பளத்தைப் பற்றி அவர் எழுத வேண்டியதில்லை. ‘உனக்குக் கடிதம் தந்தால் ஏஜென்சி சண்டைக்கு வரும்’ என்று சிலர் தயங்குவார்கள். பணியாளருக்குச் சான்று தரக்கூடாது என்று வாடிக்கையாளரைத் தடுப்பதை ஒன்ராறியோ சட்டம் ஏஜென்சிக்குத் தடை செய்திருக்கிறது. இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். கம்பெனி கொள்கை என்று சொல்லி லெட்டர்ஹெட் மறுத்தால், அந்த சூப்பர்வைசரோ கூட வேலை பார்த்தவரோ நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கி, ஏன் முறையான கடிதம் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தோடு இணையுங்கள். கடிதம் மறுத்த ஈமெயிலையும் சேர்த்து வையுங்கள். ஏற்பது அதிகாரியின் விருப்பம்தான். ஆனால் வெறுங்கையோடு போவதைவிட எவ்வளவோ மேல்.

காசு வந்த தடத்தைக் காட்டுங்கள். ஆண்டுச் சம்பளச் சீட்டான டி4 ஒவ்வொரு பிப்ரவரி கடைசிக்குள்ளும் வர வேண்டும். தொலைந்தால் வரித்துறையான சிஆர்ஏவின் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். அதோடு நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், பே ஸ்டப், சம்பளம் வரவான வங்கிப் பக்கங்கள். ஏஜென்சிக்காரருக்கு இன்னொரு சான்றும் உண்டு: ஆர்ஓஇ எனும் வேலைப் பதிவு. தொடர்ந்து ஏழு நாள் வேலையும் சம்பளமும் இல்லாமல் போனாலே முதலாளி அதைத் தர வேண்டும். முதல் நாள், கடைசி நாள், காப்பீட்டுக்குரிய மணி நேரம் எல்லாம் அதில் இருக்கும். சர்வீஸ் கனடா கணக்கில் பார்க்கலாம். ஏஜென்சி மாற்றி ஏஜென்சி ஓடியவருக்கு, அட்டவணையில் எழுதிய தேதிகளைத் தாங்கிப் பிடிப்பது இந்த ஆர்ஓஇக்கள்தான்.

டி4-இல் உள்ள பெயரும் நீங்கள் சொல்லும் ஏஜென்சியின் பெயரும் வேறாக இருந்தால் பதறாதீர்கள். கடையின் பலகையில் ஒரு பெயர், பதிவில் ஓர் எண் நிறுவனத்தின் பெயர் என்பது இங்கே சாதாரணம். கடிதத்தில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் எழுதுங்கள். ‘என் முதலாளி ஏஜென்சி, நான் வேலை செய்த இடங்கள் இவை, ஒவ்வொன்றுக்கும் சான்று இந்தப் பக்கத்தில்’ என்று ஓர் அட்டவணை போதும். குடும்பக் கஷ்டம், கனடா மீதுள்ள பற்று எல்லாம் அதில் வேண்டாம். எல்லாச் சான்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, இந்தப் பக்கத்தை முதலில் வையுங்கள்.

இந்தியாவில் மூன்றாம் தரப்பு பேரோலில் இருந்தவர்களுக்கும் நிலைமை இதேதான். சென்னை ஓஎம்ஆரில் ஒரு பெரிய கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நடந்திருப்பார்கள். பேஸ்லிப்பிலும் ஃபார்ம் 16-இலும் பிஎஃப் பாஸ்புக்கிலும் இருப்பது யாரும் கேள்விப்படாத ஒரு பேரோல் கம்பெனி. விண்ணப்பத்தில் முதலாளி என்று எழுத வேண்டியது அந்தக் கேள்விப்படாத பெயரைத்தான். பெரிய பெயரைப் போட்டால் கௌரவம். ஆனால் ஒரு தாளும் அதோடு பொருந்தாது. டெபுடேஷன் கடிதம், கிளையன்ட் மேலாளரின் கடிதம் இரண்டையும் இங்கே பாலமாக வையுங்கள். நம்மூர் ரிலீவிங் லெட்டரில் கடமைகளும் வார மணி நேரமும் இருக்கவே இருக்காது; அதை மட்டும் நம்பி வராதீர்கள். தமிழில் மட்டும் உள்ள ஆவணம் என்றால் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் சேர வேண்டும்.

செய்யக்கூடாதவை

விண்ணப்பிக்கச் சொல்லி ஐஆர்சிசியின் அழைப்பு வரட்டும், கடிதத்தைப் பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள். அழைப்பு வந்தால் விண்ணப்பத்தை முடிக்க 60 நாள்தான். அதற்குள் உங்களை அனுப்பிய கோஆர்டினேட்டர் வேலை மாறியிருப்பார், வாடிக்கையாளரின் சூப்பர்வைசர் ஊரே மாறியிருப்பார், ஏஜென்சி பூட்டியிருக்கும். ஓர் இடத்தில் வேலை முடிகிற வாரத்திலேயே, உங்கள் முகம் அவர்கள் நினைவில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அரைகுறையாக அனுப்பிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முழுமையற்ற விண்ணப்பம் திரும்பி வரும், அந்த அழைப்பும் போய்விடும்.

டி4-க்குப் பதிலாக டி4ஏ தருகிற ஏஜென்சியைக் கேள்வி கேட்காமல் விடாதீர்கள். வருமான வரி பிடிக்காமல், கையில் கூடுதலாகத் தருகிறோம், நீங்கள் ‘இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர்’ என்பார்கள். சுயதொழில் அனுபவம் கனடிய அனுபவப் பிரிவில் சேராது. டொராண்டோவில் ஐடி வேலைக்குப் போகும் பலர், ஏஜென்சி சொன்னது என்று சொந்தமாக ஒரு கம்பெனி பதிந்து, அதன் பெயரில் பில் போடுகிறார்கள். அவர்களும் இதே வலையில்தான். வேலை நேரத்தைத் தீர்மானிப்பது யார், கருவிகள் யாருடையவை, லாப நட்டம் யாருக்கு என்று அதிகாரி பார்ப்பார். ஆகவே ‘நான் உண்மையில் ஊழியர்தான்’ என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதம் தேவைப்படாத வேலையைத் தேடுவது புத்திசாலித்தனம். ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் சுயதொழிலுக்கு இடமிருக்கிறது, ஆனால் அங்கே வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்ததற்கான சான்று உட்பட வேறொரு கட்டு ஆவணம் தேவை.

கேஷ் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாள் இல்லை, அனுபவமும் இல்லை.

படிக்கும் காலத்து மணிகளைச் சேர்க்காதீர்கள். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை, படிப்பின் பகுதியான கோஆப் உட்பட, கனடிய அனுபவப் பிரிவில் எண்ணப்படாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர்கள் ஏஜென்சியில் சேர்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அதே ஏஜென்சி, அதே இடம் என்று படிப்பு முடிந்த பிறகும் தொடர்வார்கள். அப்படியென்றால் கடிதத்தில் படிப்பு முடிந்த தேதிக்கு முன், பின் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து வாங்குங்கள். ஒரே நீளமாக இருந்தால் பிரித்தெடுக்கும் வேலையை அதிகாரி செய்ய மாட்டார்.

என்ஓசி பக்கத்தை அப்படியே நகலெடுத்து ‘இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீட்டாதீர்கள். அதிகாரிகளுக்கு அந்த வரிகள் மனப்பாடம். மூன்று வெவ்வேறு இடங்களின் கடிதங்களில் ஒரே வாக்கியம், ஒரே முற்றுப்புள்ளி இருந்தால் மூன்றும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். குறிப்பைத் தயார் செய்து தருவதில் தவறில்லை. பிஸியான சூப்பர்வைசர் அதை வரவேற்கவே செய்வார். ஆனால் எந்த மென்பொருள், எந்தக் கருவி, எத்தனை பேர் கொண்ட குழு என்று அந்த இடத்துக்கே உரிய விவரத்தை எழுதுங்கள்.

வெவ்வேறு இடங்களை ஒரே வேலையாக உருட்டித் தராதீர்கள். ஏஜென்சி ஒன்றுதானே என்று இரண்டு வருடத்தை ஒரே வரியில் எழுதுகிறவர்கள் அதிகம். தொழில் எண் மாறினால் தனிப் பதிவு. இடைவெளியும் தனிப் பதிவு: 10 ஆண்டு வரலாறு கேட்கும் படிவத்தில், ஓர் இடம் முடிந்து அடுத்த இடம் கிடைக்கும் வரை இருந்த வாரங்களை ‘வேலையின்றி’ என்று எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் ஆர்ஓஇ காட்டிக்கொடுக்கும்.

கடிதம் விற்கிறவரிடம் போகாதீர்கள். எத்தனை மாதம் வேண்டும், என்ன பதவி வேண்டும் என்று கேட்டு அடித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பொய்த்தகவல் என்று முடிவானால், குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி 5 ஆண்டுத் தடை. உண்மையான பத்து மாதத்தைப் பன்னிரண்டாக்க ஆசைப்பட்டு, அந்தப் பத்தையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞர், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் போன்ற, சட்டம் அனுமதித்த ஒருவராக இருக்க வேண்டும். ஏஜென்சி கோஆர்டினேட்டர் அப்படிப்பட்டவர் அல்ல. ‘ஜாப் ஆஃபர் எழுதித் தருகிறேன், சிஆர்எஸ் புள்ளி ஏறும்’ என்று, எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் தரவரிசைப் புள்ளியைக் காட்டி யாராவது சொன்னால் நேரே எழுந்து வந்துவிடுங்கள். ஜாப் ஆஃபருக்கான அந்தப் புள்ளிகளை 2025 மார்ச் 25-இலேயே எடுத்துவிட்டார்கள்.

கடிதத்தில் பொதுத் தொலைபேசி எண்ணோடு விட்டுவிடாதீர்கள். சரிபார்க்க அழைத்தால் எடுப்பவர் வாடிக்கையாளர் நிறுவனத்தின் வரவேற்பறை ஊழியர். ‘அப்படி ஒருவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை’ என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. கையெழுத்திட்டவரின் நேரடி எண்ணும் அலுவலக ஈமெயிலும் இருக்கட்டும். விண்ணப்பம் போட்ட அன்றே அவருக்கும் ஏஜென்சிக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: சரிபார்க்கத் தொலைபேசி அழைப்பு வரலாம், நான் உங்களிடம் வேலை பார்த்த தேதிகள் இவை.